சவரக் கத்தியும் சாட்சிக் கையெழுத்தும்

விழுப்புரம்
17.6.2025

மதிப்பிற்குரிய சக்கரபாணி அண்ணனுக்கு,

பாஞ்சாலி எழுதுகிறேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு எழுதும் கடிதத்தை எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. தனம் அண்ணி இறந்தபோதுகூட நாங்கள் யாரும் திண்டிவனம் வரவில்லை. அதை நினைத்தால் பேனா ஓட மாட்டேன் என்கிறது. ஆனால் இந்த விஷயத்தில் உங்களை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

உங்கள் நண்பருக்கு ஏப்ரல் மாதம் பக்கவாதம் வந்துவிட்டது. வலது கையும் காலும் வேலை செய்யவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. நாம் சொல்வதெல்லாம் நன்றாகப் புரிகிறது, பதில்தான் ஒன்றிரண்டு வார்த்தையாக வருகிறது. சங்கவி ஆஸ்பத்திரிக்கு வந்து இரண்டு நாள் கூடவே இருந்தாள். அவர் கண் விழித்ததும் எழுந்து போய்விட்டாள். அப்பா தன்னைப் பார்த்தால் என்ன ஆகுமோ என்று அவளுக்குப் பயம்.

இப்போது பிரச்சினை தாடி. சாதாரண பிளேடு போட்டால் அவருக்கு முகமெல்லாம் கொப்பளம் வரும், அதனால்தான் பஸ் ஓட்டிய காலம் முழுக்க அந்த மடக்குக் கத்தியிலேயே வழித்துக்கொண்டார் என்பது உங்களுக்குத் தெரியும். சலூன் நெடுஞ்செழியனை வீட்டுக்குக் கூப்பிட்டேன். அவர் அரை பிளேடு மாட்டிய கத்தியோடு வந்தார். பாதியில் இவர் தலையை ஆட்டவும் வலது கன்னத்தில் வெட்டிவிட்டது. இவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு மணி நேரம் நிற்கவில்லை, அண்ணா. பேட்டரி மெஷின் வாங்கினேன். இடது கையால் தட்டிவிட்டார். தாடிக்குள் சோறு ஒட்டுகிறது, அரிப்பு, புண். நேற்று அலமாரியில் இருக்கும் கத்தியைக் காட்டினார். அப்புறம் என்னைக் காட்டி "நீ" என்றார்.

எடுத்துப் பார்த்தால் அது தக்காளிகூட நறுக்காது. சாணை பிடிப்பதே உங்கள் தொழில், அதை எப்படித் தீட்டுவது என்று எழுதுங்கள். எடுத்துப் போய் வேறு யாரிடமும் கொடுக்க முடியாது. காலையில் கண் திறந்ததும் முதலில் அலமாரியைத்தான் பார்க்கிறார்.

அவருக்குத் தெரியாமல் நடந்த சங்கவியின் பதிவுத் திருமணத்துக்கு நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து இந்த வீட்டில் உங்கள் பெயரை யாரும் எடுப்பதில்லை. செல்போனும் அவர் தலையணைப் பக்கத்திலேயே கிடக்கிறது. அதனால் பதிலைப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூட விலாசத்துக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பாஞ்சாலி


திண்டிவனம்
20.6.2025

அன்புத் தங்கச்சி பாஞ்சாலிக்கு,

கடிதம் கிடைத்தது. உன் வீட்டுக்காரன் விருத்தாசலத்துக்கு உடம்பு முடியாமல் போனதை சங்கவி சொன்னாள். ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் ஒரு நாள் வந்தேன். உள்ளே வரவில்லை. அதை விடு.

மொண்ணைக் கத்தியை அவன் முகத்தில் வைக்காதே. பதமான கத்தி வழுக்கிக்கொண்டு போகும். மொண்ணைதான் தோலைப் பிடித்து இழுத்து வெட்டும். அவனிடம் இரண்டு பக்கக் கல் ஒன்று இருக்கும். ஒரு பக்கம் சொரசொரப்பு, இன்னொரு பக்கம் வழவழப்பு. பத்து நிமிஷம் தண்ணீரில் ஊறவை. ஈரத்துணி மேல் ஆடாமல் வை. முதலில் சொரசொரப்புப் பக்கம்.

சவரக் கத்தியில் ஒரு வசதி உண்டு. அதன் முதுகு தடிமன். முதுகும், வாய் என்கிற வெட்டும் ஓரமும் இரண்டுமே கல்லைத் தொடும்படி படுக்க வைத்தால் சாய்வு தானாக அமைந்துவிடும். முதுகைத் தூக்கினால் காரியம் கெட்டது. வாய் முன்னால் போகிற மாதிரி, கல் மேலிருந்து மெல்லிசாக ஒரு ஏடு சீவி எடுப்பது மாதிரித் தள்ளு. கத்தியின் வாய் கல்லின் அகலத்தைவிட நீளம். அதனால் கைப்பிடிப் பக்கம் தொடங்கி, போகப்போகப் பக்கவாட்டில் இழுத்து, நுனியில் முடி. கடைசியில் முதுகின் மேலேயே புரட்டி, திரும்ப உன் பக்கம் இழு. வாயின் மேல் புரட்டவே கூடாது.

அழுத்தாதே. இதை மூன்று முறை எழுதியதாக வைத்துக்கொள். கத்தியின் எடையே போதும்.

தீட்டுவதற்கு முன்னால் வாயோரமாக மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசு. பத்துத் தரம் தள்ளிவிட்டுப் பார். எங்கே மை போயிருக்கிறது, எங்கே போகவில்லை என்று எனக்கு எழுது. அதைப் பார்த்துத்தான் மேற்கொண்டு சொல்ல முடியும்.

தனம் விஷயமாக நீ மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. உன் நிலைமை எனக்குத் தெரியும்.

அன்புடன்,
சக்கரபாணி


விழுப்புரம்
28.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் எழுதியபடியே செய்தேன். அவர் மத்தியானம் தூங்கும் நேரத்தில் பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து தீட்டுகிறேன். பள்ளிக்கூடத்தில் முட்டை எண்ணுவதும் கீரை ஆய்வதும் முடிந்து மூன்று மணிக்கு வந்துவிடுகிறேன். நான்கு மணி வரைக்கும் எனக்கு நேரம்.

மார்க்கர் மை இரண்டு ஓரத்திலும் போய்விட்டது. நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு அப்படியே இருக்கிறது. ஐம்பது தரம் தள்ளினாலும் நடுவில் போகவில்லை. அழுத்தினால் போகிறது. ஆனால் நீங்கள் அழுத்தாதே என்று மூன்று முறை எழுதிவிட்டீர்கள். கை மயிரில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட விழவில்லை. என் ஆள்காட்டி விரலில்தான் வெட்டியது.

இன்று அவர் என் விரல் கட்டைப் பார்த்துவிட்டு "இன்னா?" என்றார். "வெங்காயம் நறுக்கினேன்" என்றேன். இவரிடம் நான் எத்தனை பொய்தான் சொல்வது என்று அப்போது தோன்றியது.

பாஞ்சாலி


திண்டிவனம்
2.7.2025

அன்புத் தங்கச்சிக்கு,

தப்பு உன் கையில் இல்லை, கல்லில். ஆறு வருஷமாக அவனே தேய்த்திருக்கிறான். அதற்கு முன்னால் மாதம் ஒரு தரம் அவன் பஸ் இங்கே நிற்கும்போது நான் தீட்டிக் கொடுத்தேன். டிரைவர் கை, பிரேக் மிதிக்கிற மாதிரியே அழுத்தியிருப்பான். கல்லின் நடுப்பகுதி குழிந்து தட்டு மாதிரி ஆகிவிட்டது. அதனால்தான் கத்தியின் இரண்டு ஓரம் மட்டும் தொடுகிறது.

கல்லைச் சமப்படுத்து. தடிமனான கண்ணாடித் துண்டின் மேல், தண்ணீரில் போடுகிற கறுப்பு உப்புத்தாளை விரி. கல்லின் மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கட்டம் போட்டு, தண்ணீர் விட்டுத் தேய். ஓரத்துக் கோடுகள் முதலில் அழியும். நடுவில் இருப்பதும் அழிகிறவரை விடாதே. தோள் வலிக்கும். வேறு வழி இல்லை.

பிறகு சொரசொரப்புப் பக்கம், மை முழுதும் ஒரே சீராகப் போகிறவரை. அப்புறம் வழவழப்புப் பக்கம் ஒரு ஐம்பது. கடைசியில் முப்பது தரம் தள்ள, அதைவிட வழவழப்பான எட்டாயிரம் நம்பர் கல் வேண்டும். அது அவனிடம் இருக்காது. என்னிடம் இருப்பதைக் கொடுத்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் உடையும். சங்கவி சனிக்கிழமை உன் பள்ளிக்கூடத்துக்கு நேரில் கொண்டுவருவாள். நான் கேட்கவில்லை, அவளேதான் "நான் எடுத்துக்கினு போறேன் மாமா" என்றாள்.

கத்தியை வெளிச்சத்தில் வாய் மேலே இருக்கும்படி பிடித்துப் பார். வெள்ளையாக ஒரு கோடு பளிச்சென்று தெரிந்தால் அங்கே இன்னும் மொண்ணை. நன்றாகத் தீட்டிய வாய் கண்ணுக்கே தெரியாது.

முகத்தில் வைக்கும் முன் பலூனை ஊதி, சோப்பு நுரை போட்டு வழித்துப் பழகு.

சக்கரபாணி


விழுப்புரம்
14.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சங்கவி வந்தாள். கல்லைத் துண்டில் சுற்றிக் குழந்தை மாதிரி வைத்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். மாப்பிள்ளை சித்தார்த்தன் நல்லபடியாகப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். பிள்ளைகள் எல்லாம் போன பிறகு சத்துணவுக் கூடத்துக் கடப்பைக்கல் மேடையில் இரண்டு பேரும் உட்கார்ந்து கல்லைச் சமப்படுத்தினோம். கத்தியை எடுத்துப் போயிருந்தேன். அன்று ஒரு நாள் மட்டும் அலமாரியில் வெறும் டப்பாவை மூடி வைத்துவிட்டு வந்தேன். கடைசியாக எட்டாயிரம் கல்லில் நீங்கள் சொன்ன மாதிரி முப்பது. சங்கவி தன் முழங்கைக்குக் கீழே வைத்து இழுத்தாள். மயிர் சத்தமே இல்லாமல் உதிர்ந்தது. "அம்மா!" என்றாள். அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பலூன் மூன்று வெடித்தது. நான்காவது வெடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சுடுதண்ணீர்த் துண்டை முகத்தில் போட்டு ஊறவைத்தேன். இடது பக்கம் பிரச்சினை இல்லை. வலது பக்கம் தோல் தொங்குகிறது. இரண்டு விரலால் காதுப்பக்கம் இழுத்துப் பிடித்தால்தான் கத்தி நகர்கிறது. அந்தப் பக்கம் வெட்டினாலும் அவருக்குத் தெரியாது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு துளி ரத்தம் இல்லை.

முடிந்ததும் இடது கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். திரும்பத் திரும்பத் தடவினார். அப்புறம் கத்தியைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து வாயைப் பார்த்தார். "சக்ரா?" என்றார்.

ஆறு வருஷத்தில் முதல் தரம் உங்கள் பெயர். "இல்ல, நானே போன்ல வீடியோ பாத்துக் கத்துக்கினேன்" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாஞ்சாலி


திண்டிவனம்
18.7.2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் இரண்டு தரம் படித்தேன். கத்தரி தீட்ட வந்த டெய்லர், "இன்னா மாமே, லாட்டரி வுழுந்துச்சா?" என்றான். முதல் தரத்திலேயே ரத்தம் வராமல் வழித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அடுத்து, ஒவ்வொரு சவரத்துக்கு முன்னாலும் தோல்வாரில் இழுக்க வேண்டும். அவனுடைய பழைய டிரைவர் பெல்ட் போதும். ஜன்னல் கம்பியில் கட்டி விறைப்பாக இழுத்துப் பிடி, தொய்ந்தால் வாய் மடங்கிவிடும். கல்லுக்கு நேர் எதிர், இங்கே முதுகு முன்னால் போக வேண்டும். நாற்பது தரம். தினமும் கல் வேண்டாம், தோல்வார் போதும். கல் மாதம் ஒரு தரம்.

இன்னொரு விஷயம். அவன் என் பெயரைச் சொன்னான் என்பதற்காக நீ பதறிப்போய் எதையும் கொட்டிவிடாதே. நீதான் என்னிடம் வந்து, "சங்கவி பிடிவாதமா இருக்கா. நான் வந்து நின்னா அவரு என்னை உயிரோட வெக்க மாட்டாரு. நீங்க கையெழுத்துப் போட்டுடுங்கண்ணா, என் பேரு வர வேணாம்" என்று கேட்டாய் என்பது உனக்கும் எனக்கும் சங்கவிக்கும்தான் தெரியும். அது அப்படியே இருக்கட்டும். அவன் என் கடை வாசலில் நின்று ஊர் பார்க்கக் கத்தியபோதே நான் சொல்லவில்லை. இப்போது அவன் ரத்த அழுத்தத்தோடு இருக்கிறான். இப்போது சொல்லி ஒரு பேஜாரு ஆனால் யார் தாங்குவது?

சக்கரபாணி


விழுப்புரம்
4.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சொல்லிவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சவரம் செய்தேன். ஒவ்வொரு தரமும் அவர் அண்ணாந்து, கழுத்தை முழுதாகக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு சின்ன அசைவு இல்லை. இந்த மனுஷன் என்னை இவ்வளவு நம்புகிறாரே, இவரிடம் ஆறு வருஷமாக இதை மறைத்துக்கொண்டு இவர் கழுத்தில் கத்தி வைக்கிறேனே என்று எனக்குத் தாங்கவில்லை. கை நடுங்க ஆரம்பித்தது. நடுங்கும் கையோடு இந்த வேலையைச் செய்யக் கூடாது. அதனால்தான் சொன்னேன், வேறு ஒரு பெரிய நியாயமும் இல்லை.

கத்தி கையில் இருக்கும்போது சொல்லவில்லை. துடைத்து, மடித்து, அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். "கத்தி தீட்டச் சொல்லிக் குடுத்தது சக்கரபாணி அண்ணன்தான். அன்னிக்குக் கையெழுத்துப் போடச் சொன்னதும் நான்தான். அவரு மேல தப்பே இல்ல. நீங்க திட்ட வேண்டியது என்னை" என்றேன்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் சுடுதண்ணீர்த் துண்டோடு போனேன். கையை நீட்டி வேண்டாம் என்று தடுத்தார். சாப்பாடு ஊட்டினால் சாப்பிடுகிறார், மாத்திரை கொடுத்தால் விழுங்குகிறார். முகத்தை மட்டும் தருவதில்லை. என்னைப் பார்ப்பதும் இல்லை. ஒன்பது நாள் தாடி வளர்ந்துவிட்டது.

இன்று காலை, நான் கேட்காமலே, "சக்ரா... வர... சொல்லு" என்றார். கோபமா, என்னவென்று எனக்குத் தெரியவில்லை. வருவீர்களா?

பாஞ்சாலி


திண்டிவனம்
7.8.2025

அன்புத் தங்கச்சிக்கு,

ஞாயிறு காலை பத்து மணிக்குள் வருகிறேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. கத்தியைத் தோல்வாரில் இழுத்து வைத்துவிடு, மழிக்கச் சொன்னால் மழிக்கிறேன்.

சக்கரபாணி


திண்டிவனம்
13.8.2025

அன்புத் தங்கச்சி பாஞ்சாலிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் பாதி டீயை வைத்துவிட்டு, அவனுக்குச் சவரமும் செய்யாமல், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்தேன். வாசலில் நீ நின்ற நிற்பைப் பார்த்தேன். என்ன தப்பு நடந்தது என்று மூன்று நாளாக நீ குழம்பிக்கொண்டிருப்பாய். நீ டீ போட உள்ளே போனபோது நடந்தது உனக்குத் தெரியாது. அதை எழுதத்தான் இந்தக் கடிதம்; நாளைக்கே உன் கைக்குக் கிடைக்கட்டும் என்று ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன்.

நீ உள்ளே போனதும் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். இடது கையில் இன்னும் ஸ்டியரிங் பிடித்த பலம் இருக்கிறது. "தெரியும்" என்றான்.

"இன்னாடா தெரியும்?"

"அவதான்... அனுப்புனா. அன்னிக்கே... தெரியும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டு, அவன் திக்கித் திக்கிச் சொல்லி, அந்த ஐந்து நிமிஷம் அரை மணி நேரம் மாதிரி இருந்தது. பதிவுக்கு சங்கவியின் வயசுக்கான சர்ட்டிபிகேட் வேண்டியிருந்தது அல்லவா? அது உன் பீரோவில் இருந்தது. அந்தச் சாவி உன்னைத் தவிர யாரிடமும் இல்லை. கல்யாணச் செய்தி தெரிந்த அன்று சாயந்திரம் நீ பீரோவைத் திறந்தபோதே சர்ட்டிபிகேட் இல்லாததை அவன் பார்த்துவிட்டான். நீ இல்லாமல் இது நடந்திருக்காது என்று அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மறுநாள்தான் என் கடைக்கு வந்து கத்தியிருக்கிறான்.

"அப்புறம் ஏன்டா என்னைத் திட்டுன?" என்றேன்.

ரொம்ப நேரம் வாயை அசைத்துக்கொண்டே இருந்தான். அப்புறம் சொன்னான்: "அவள... திட்டுனா... வுட்டுட்டு... பூடுவா. நீ... தாங்குவ."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "தனம் செத்தன்னிக்கு எங்கடா போன? அதையும் நான் தாங்குவேன்னுதான் வராம இருந்தியா?" என்று கேட்டேன். அவனுடைய வலது கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அது அழுகையா, வியாதியால் அந்தக் கண் தானாக ஒழுகுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் நீ டம்ளரோடு வந்தாய். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, வேர்த்துக் கொட்டுது?" என்றாய். கத்தியைக் கையில் எடுக்கிற நிலையில் நான் இல்லை. அதனால்தான் கிளம்பினேன்.

ஆக, அவன் உன்மேல் கோபமாக முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, தங்கச்சி. நீ உட்கார்ந்து தப்பை ஒத்துக்கொண்டாய். அவனும் ஆறு வருஷமாகத் தெரிந்தே உன்னிடம் நடித்திருக்கிறான். அதைச் சொல்ல அவனுக்கு வாயும் இல்லை, முகமும் இல்லை. நீ சொல்லு என்று என்னைப் பார்த்துக் கையைக் காட்டினான். சொல்லிவிட்டேன். நீயே துண்டை நனைத்துக்கொண்டு போய் நில், இந்தத் தரம் தடுக்க மாட்டான்.

நான் கிளம்பும்போது, "பாப்பா?" என்று சங்கவியைப் பற்றியும் கேட்டான். திண்டிவனத்தில் இறங்கியதும் நேராக சங்கவி வீட்டுக்குப் போய் அதைச் சொல்லிவிட்டேன். சுதந்திர தின லீவில் வருகிறாள். சித்தார்த்தனையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். உன் வீட்டுக்காரனிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி கேட்டுக்கொண்டிருக்காதே.

உன்மேலும் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு என்பதை மறைக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். தனம் செத்த பிறகாவது நீ இதை அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாதே என்று போன மாதம் நானேதான் எழுதினேன், அதுவும் உண்மைதான்.

நீ தீட்டிய கத்தியை அன்று வந்ததுமே அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நுனிப்பக்கம் அரை அங்குலம் மட்டும் இன்னும் சரியாகப் பதம் ஏறவில்லை. தள்ளி முடிக்கும் இடத்தில் மணிக்கட்டைத் தூக்குகிறாய் போலிருக்கிறது. எட்டாயிரம் கல்லில் இருபது தரம் போதும். மற்றபடி நான் தீட்டினாலும் இதைவிட நன்றாக வராது.

எனக்குக் கோபம் தீரவில்லை. இரண்டு நாள் கடையைத் திறக்காமல் வீட்டிலேயே கிடந்தேன். இனி அந்த வாசல்படி ஏறக் கூடாது என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். இன்று காலை கடையைத் திறந்து உட்கார்ந்தபோது, அவனிடம் கேட்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது என்று தோன்றியது. அதனால் வருகிற ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். சவரத்தை நீ செய்துவிடு. நான் வருவது அவனைத் திட்டுவதற்கு. அவனும் கொஞ்சம் தாங்கட்டும்.

அன்புடன்,
சக்கரபாணி